பெட்டிக் கடையா, பொட்டிக்கா?

மன்னார்குடியில் பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு பலகையை மாட்டுவதற்குள் மூன்று நாள் சண்டை நடந்தது. பத்து வருடமாக வீட்டுக்குள்ளேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்த அக்கா, ஒருவழியாகக் கடை வைப்பது என்று முடிவெடுத்தாள். தெருவைப் பார்த்த அறையைக் காலி செய்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே தலையில்லாத பொம்மைகள் இரண்டையும் நிறுத்திவிட்டாள். பெயர்தான் பாக்கி. 'பொட்டிக்' என்று போட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். 'டெய்லர்' என்று போட்டால் ரவிக்கைக் கூலியை ஐம்பது ரூபாய்கூட ஏற்ற முடியாதாம்.

பலகை எழுதுபவர் மறுநாள் மாதிரி கொண்டுவந்தார். ஆங்கில வரி சரியாக இருந்தது. தமிழ் வரியில் 'பொட்டிக் கடை' என்று இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் பெட்டியைப் பொட்டி என்று சொல்லும் ஊர் அது. அக்கா 'பொட்டிக்' என்று சொல்லியிருக்கிறாள், கடைக்குத்தானே பலகை, சேர்த்து எழுதிவிட்டார். திண்ணையில் இருந்த பெரியப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பெட்டிக் கடைக்கா இத்தனை செலவு? நாலு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும் வாங்கிப் போட்டுவிடு, வியாபாரம் நடக்கும்" என்றார். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

விடுமுறைக்குப் போயிருந்த என் தலையில் சமாதானம் பேசும் பொறுப்பு விழுந்தது. "பொட்டிக் என்பது பிரெஞ்சுச் சொல், பெரியப்பா. பெட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று அடித்துச் சொன்னேன். சொன்னது தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மறுபாதி தெரியவந்தபோது பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தச் சொல்லை நான் முதலில் சந்தித்தது துணிக்கடை வாசலில் இல்லை. வேலை நிமித்தம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் எட்டு மாதம் இருந்தேன். ஜனவரி மாதத்து ஞாயிறு இரவு ஒன்றில் காய்ச்சல் கொதித்தது. நம் ஊரில் பாரசிட்டமால் வாங்க யாரும் யோசிப்பதில்லை. மளிகைக் கடையிலேயே கிடைத்துவிடும். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் முகப்பூச்சு இருக்கும், வைட்டமின் இருக்கும், பாரசிட்டமால் இருக்காது. அதற்கு 'அப்போத்தேக்கெ' போக வேண்டும். சிவப்பில் பெரிய 'ஏ' எழுத்துப் போட்ட மருந்துக் கடை. இரவில் எல்லாம் மூடியிருக்கும். முறை வைத்து ஒன்றிரண்டு மட்டும் விழித்திருக்கும். எது விழித்திருக்கிறது என்பதை மூடிய கடையின் கதவில் ஒட்டியிருப்பார்கள்.

என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த ஸ்பெயின்காரப் பையன் துணைக்கு வந்தான். வய்யதோலித் ஊர்க்காரன். இருபது நிமிடம் பனியில் நடந்து, இருட்டுக் கதவு ஒன்றின் மணியை அழுத்தினோம். கதவு திறக்கவில்லை. கதவில் பதித்திருந்த சின்னஞ்சிறு ஜன்னல் மட்டும் திறந்தது; கம்பளிச் சட்டை போட்ட அம்மாள் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தார். மாத்திரையை அந்தச் சந்தின் வழியாகவே நீட்டினார். தூக்கத்தைக் கெடுத்ததற்கு மருந்தின் விலையோடு 2.50 யூரோ கூடுதல். அது சட்டப்படியான இரவுக் கட்டணம்.

திரும்பும்போது அந்தப் பையன் பலகையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "எங்கள் பாட்டி மருந்துக் கடையை போத்திகா என்பாள். இதே சொல்தான். ஒயின் கிடங்கை போதேகா என்கிறோமே, அதுவும் இதே சொல்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். உனக்கு அந்தக் கடை தேவைப்பட்டிருந்தால் நானும் சந்தோஷமாக வந்திருப்பேன்."

காய்ச்சல் இறங்கியதும் அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாவற்றுக்கும் தாய் கிரேக்கச் சொல் ஒன்று: அப்போதேக்கே. 'அப்போ' என்றால் அப்பால், தனியே. 'தேக்கே' என்றால் ஒரு பொருளை வைக்கும் பேழை, உறை, இடம். தனியே எடுத்து வைக்கும் இடம். மருந்து இல்லை, துணி இல்லை, ஒயினும் இல்லை. வெறும் கிடங்கு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் தானியம் சேர்க்கும் இடமாக வருகிறது. ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதுமில்லை, சேர்த்து வைப்பதுமில்லை என்று மத்தேயுவில் வரும் இடத்தில் தமிழ் விவிலியம் அதைக் 'களஞ்சியம்' என்று போட்டிருக்கிறது. அருமையான தேர்வு. நம் களஞ்சியமும் சும்மா இருக்கவில்லையே. நெல்லைக் கொட்டிய சொல்லில் இன்று அறிவைக் கொட்டிக் கலைக்களஞ்சியம் என்கிறோம்.

ஆனால் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்க்க வேண்டுமானால் அதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. ஏழையின் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் செல்வத்தைச் சேர்த்து வைக்கும் இடம் என்று சொல்லும் 226ஆம் குறள் 'வைப்புழி' என்று முடிகிறது. வைப்பு, உழி. வைக்கும் இடம். கிரேக்கன் 'தேக்கே' என்று சொன்னதும் அதுவே.

வேர் அதோடு நிற்கவில்லை. கிரேக்கத்தில் 'வை' என்ற பொருள் தரும் வினையின் வேர் 'தே'. சமஸ்கிருதத்தில் அதன் உடன்பிறப்பு 'தா'. வைத்தல், இடுதல் என்று பொருள். அதிலிருந்து வந்தது நிதி: கீழே வைக்கப்பட்டது, புதைத்து வைத்த செல்வம். சந்நிதி, விதி, சமாதி எல்லாமே அந்த வேரின் கிளைகள். சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்து, வந்த தடம் தெரியாமல் கலந்துவிட்டவை. வங்கியில் 'வைப்பு நிதி' என்று எழுதுகிறோமே, தமிழில் ஒருமுறை வைத்துவிட்டு, வடமொழியில் இன்னொரு முறையும் வைக்கிறோம். இரட்டைப் பூட்டு, நல்லதுதான்.

ரோமானியர்கள் கிரேக்கச் சொல்லை வாங்கி ஒயின் சாடிகள் அடுக்கும் அறைக்குச் சூட்டினார்கள். அந்த அறை பெரும்பாலும் வீட்டின் மேல்பகுதியில் இருக்கும். அடுப்புப் புகை மேலே ஏறிச் சாடிகளைத் தழுவினால் ஒயின் சீக்கிரம் பக்குவப்படும் என்று நம்பினார்கள். சமையலறைப் பரணில் புகை படிந்த மண்பானைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரோம் சிதறிய பிறகு அந்தச் சொல் ஒவ்வொரு ஊரின் வாயிலும் எப்படி உருண்டது என்பதைத் தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டே காட்டிவிடலாம்.

லத்தீன் ஒலி பிசகாமல் தமிழில் எழுத வேண்டுமானால் 'அப்போத்தேக்கா' என்று ஒற்றுகளைப் போட்டு எழுத வேண்டும். இப்போது அந்த ஒற்றுகளை எடுத்துவிடுங்கள்: அபோதேகா. வாய்விட்டுப் படியுங்கள். 'கோபம்' என்பதில் வரும் ப, 'காது' என்பதில் வரும் து, 'நாகம்' என்பதில் வரும் க போல மூன்று எழுத்துகளும் தாமாக மெலிந்துவிடுகின்றன. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட வல்லினம் மெலியும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, நாக்குக்கே தெரியும். ஸ்பெயினிலும் இதுவே நடந்தது. அங்கே நூற்றாண்டுகள் பிடித்த மாற்றத்தை ஒரு தமிழன் ஒற்றை மறந்துவிட்டால் ஒரு நொடியில் செய்துவிடுவான்.

முதல் எழுத்தான 'அ' எங்கே போயிற்று? அது புணர்ச்சி செய்த வேலை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'லா' என்ற சுட்டு வரும். லா, அபோதேகா, சேர்த்துச் சொன்னால் லாபோதேகா. அதைத் திரும்பப் பிரித்தவர்கள் 'லா போதேகா' என்று பதம் பிரித்துவிட்டார்கள். 'அ' சுட்டோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போயிற்று. நாம் ரங்கத்துக்கு முன்னால் ஓர் அகரத்தைப் போட்டு அரங்கமாக்கினோம். அவர்கள் இருந்த அகரத்தைத் தொலைத்தார்கள். போர்த்துகீசியர் மட்டும் அகரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நடுவில் இருந்த 'போ'வை விழுங்கினார்கள். அவர்கள் ஊரில் ஒயின் கிடங்குக்குப் பெயர் அதேகா.

சரி, போதேகாவில் 'தே' இருக்கிறது, போத்திகாவில் 'தி' இருக்கிறதே? இந்த ஏகார இகர வேற்றுமை சொல்லின் வயதைக் காட்டிக் கொடுக்கும் மச்சம். பழங்கிரேக்கத்தில் 'ஏ' என்று ஒலித்த ஏட்டா என்ற எழுத்து, பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் காலத்துக்குள் 'ஈ' ஆகிவிட்டது. ரோமானியர் காலத்திலேயே வாங்கப்பட்ட பிள்ளைகளில் ஏகாரம் இருக்கிறது: ஸ்பெயினின் போதேகா, இத்தாலியின் பொத்தேகா, ஜெர்மனியின் அப்போத்தேக்கெ. பின்னாளில் பைசாந்தியக் கிரேக்கர்களின் வாயிலிருந்து நேராக வந்த பிள்ளைகளில் இகரம் இருக்கிறது: ஸ்பெயினின் போத்திகா, தென்பிரான்சின் ஆக்சித்தான் மொழி வழியாக பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த பூத்திக். அதுதான் அக்காவின் பொட்டிக். ஒரே தாய், இரண்டு பிரசவம், நடுவில் பல நூறு ஆண்டுகள்.

ஏதென்சில் இன்றும் கிடங்கு என்றால் அப்போதீக்கி. கம்ப்யூட்டரில் கோப்பைச் சேமிக்கும் கட்டளைக்கும் அதே சொல்லில் பிறந்த 'அப்போதீக்கெப்சி'தான். ஆடம்பரத் துணிக்கடைக்கு மட்டும் 'பூத்திக்' என்று பிரெஞ்சிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண் வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, அலங்காரத்தோடு திரும்பி வந்தபோது அடையாளம் தெரியவில்லை போலும்.

இத்தாலியில் அதிகம் நிற்கப்போவதில்லை. பொத்தேகா என்றால் கடை, பட்டறை. பிளாரன்சில் லியனார்டோ டா வின்சி சிறுவயதில் தொழில் பழகியது வெரோக்கியோவின் பொத்தேகாவில். ஒன்றை மட்டும் சொல்லாமல் போக மனமில்லை: கால்சட்டை பொத்தான் போட மறந்த ஆளிடம் இத்தாலியர்கள் "உன் பொத்தேகா திறந்திருக்கிறது" என்பார்கள். எங்கள் பள்ளியில் "போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கிறது" என்போம். உலகத்தில் எந்த வியாபாரம் எந்த நேரத்தில் திறந்தாலும் ஆண்களுக்குச் சிரிக்க இது ஒன்று போதும்.

போதேகாவின் கதை கடல் தாண்டியது. ஸ்பானிய மொழியில் கப்பலின் அடித்தளத்தில் சரக்கு ஏற்றும் இடத்துக்கும் அதே பெயர். கப்பல் போன இடமெல்லாம் சொல்லும் இறங்கியது. கியூபாவில் போதேகா என்றால் ரேஷன் கடை. 1962 முதல் குடும்பத்துக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்து அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் அளந்து போடுகிறார்கள். நம் ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்கள் ஹவானாவில் வழி கேட்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வந்தவர்கள் தெருமுனைகளில் வைத்த சின்னக் கடைகள் போதேகா ஆயின. பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டு, முட்டை வைத்த சாண்ட்விச், கல்லாவுக்குப் பக்கத்தில் தூங்கும் பூனை. 2017இல் கூகுளில் வேலை பார்த்த இருவர், ஆளில்லாமல் தானாகச் சாமான் விற்கும் அலமாரிக்கு 'போதேகா' என்றே பெயர் வைத்துத் தொழில் தொடங்கினார்கள். நகரமே பொங்கி எழுந்தது. எங்கள் கடைகளை ஒழிக்கத்தான் இந்த அலமாரி, அதற்கு எங்கள் பெயரேவா என்று கேட்டார்கள். மறு ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கடையும் மூடியாயிற்று. அண்ணாச்சி கடையை விழுங்க வந்த செயலிக்கு 'அண்ணாச்சி' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் புரிந்தது.

கிடங்கு எப்படி மருந்துக் கடை ஆனது என்பதற்கு விடை நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நின்று பாருங்கள். மிளகு, திப்பிலி, சுக்கு, ஏலம், பட்டை, கற்கண்டு. இவற்றில் எது மளிகை, எது மருந்து என்று கோடு கிழிக்க முடியுமா? இடைக்கால ஐரோப்பாவிலும் முடியவில்லை. தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த வாசனைச் சரக்கைப் பூட்டி வைப்பவனே அதை இடித்துப் பொடியாக்கி விற்பவனும் ஆனான். லண்டனில் மிளகு வணிகர்களின் சங்கம்தான் பிற்பாடு மளிகை வணிகர்களின் சங்கமாக வளர்ந்தது. மருந்து விற்ற அப்பாத்திகரிகள் 1617 வரை அதற்குள்தான் இருந்தார்கள். அந்த ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவர்களைத் தனிச் சங்கமாகப் பிரித்தார். அந்த மிளகு மலபாரிலிருந்து போனது. அதன் ஆங்கிலப் பெயரோ நம் திப்பிலியின் சமஸ்கிருதப் பெயரான பிப்பலியிலிருந்து போனது. சரக்கு ஒன்று, சீட்டு வேறொன்று.

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில், நகர மன்றச் சதுக்கத்தின் மூலையில் 1422ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே இடம்பெற்ற மருந்துக் கடை ஒன்று இன்றும் நடக்கிறது. ஒரே குடும்பம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. அங்கே பழைய நாளில் மருந்தோடு மசாலா சேர்த்த ஒயின், பாதாம் இனிப்பு, தாள், மை, சீட்டுக்கட்டு, வெடிமருந்து வரை விற்றார்கள். "போத்திகாவில் இருப்பதுபோல எல்லாம் இருக்கிறது" என்று ஸ்பெயினில் ஒரு சொலவடை உண்டு. அந்தப் பையனின் பாட்டி, ஒரு கூட்டத்தில் நல்லவர் கெட்டவர் எல்லாரும் கலந்திருப்பார்கள் என்று சொல்ல அதைத்தான் எடுத்து விடுவாளாம்.

ஜெர்மானியர்கள் இந்தக் கலவையைச் சட்டத்தால் பிரித்துப் பிரித்து, கடைசியில் மருந்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள். மருத்துவர் மருந்துக் கடையில் பங்கு வைக்கக் கூடாது என்பது 13ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் தன் சிசிலி ராஜ்யத்தில் போட்ட சட்டம். இன்று ஜெர்மனியில் மருந்தாளுநராகப் படித்தவர்தான் அப்போத்தேக்கெ நடத்தலாம். 2004இல் வந்த விதிப்படி ஒருவருக்கு ஒரு தலைமைக் கடையும் மூன்று கிளைகளும். பெரிய கம்பெனிகள் சங்கிலிக் கடை போட முடியாது. இதை எதிர்த்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2009இல் ஜெர்மனியின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்தப் பனி இரவில் ஜன்னல் வழியே பார்த்த அம்மாள் கடையின் சொந்தக்காரராகவே இருந்திருக்கலாம். அநியாய விலையை 'அப்போத்தேக்கெ விலை' என்று சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. பாசமும் புகாருமாக வாழ்கிறார்கள்.

போகிற போக்கில்: ஜெர்மன் மதுக்கடையில் கோப்பையை வைக்கும் மேடைக்குப் பெயர் தேக்கெ. புத்தகப் பேழை பிப்லியோத்தேக், அதாவது நூலகம். இசைத்தட்டுப் பேழை டிஸ்கோத்தேக். பிரெஞ்சுக்காரர்கள் நூலகத்தைப் பார்த்துச் செய்த சொல், பிறகு ஆட்டக் கூடமாகிவிட்டது. வீட்டுக் கடன் வாங்கினால் ஹிப்போத்தேக். புத்தகம், குடி, ஆட்டம், கடன் என்று ஒரு மனிதனின் வாழ்க்கையே இந்த 'வைக்கும் இட'த்துக்குள் அடங்கிவிடுகிறது.

இனி பொட்டிக். பிரெஞ்சில் பூத்திக் என்றால் பல காலமாகச் சாதாரணக் கடை. கறாரும் கஞ்சத்தனமும் கலந்த சில்லறை வியாபாரி என்று ஏளனமாகச் சொல்ல 'பூத்திக்கியே' என்பார்கள். இங்கிலாந்தை 'பூத்திக்கியேகளின் தேசம்' என்று நெப்போலியன் இகழ்ந்ததாக ஒரு வழக்கு. கடைக்காரர் தேசம் என்ற அந்தத் தொடரை ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார் என்பது வேறு விஷயம். எப்படியானாலும் அது புகழ்ச்சி இல்லை.

சொல்லின் ஜாதகம் மாறியது துணியால். பாரிசின் பெரிய தையல் மாளிகைகளில் அளவெடுத்து ஒருவருக்கென்றே தைப்பார்கள், அது கூத்தூர். 1935இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாப்பரெல்லி, பிளாஸ் வாந்தோம் சதுக்கத்தில் தன் மாளிகையோடு சேர்த்து பூத்திக் ஒன்றைத் திறந்து, ஆயத்தமாகத் தைத்து வைத்த உடைகளை விற்றார். நன்றாகக் கவனியுங்கள்: அளவெடுத்துத் தைத்தால் கூத்தூர், தைத்து வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டால் பூத்திக். நம் ஊரில் நேர் எதிர். அக்கா கையில் இஞ்ச் டேப்போடு அளவெடுத்து, மூன்று முறை பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். பாரிஸ் கணக்கில் அவள் நடத்துவது கூத்தூர். பெயர்ப் பலகையில் தன் தகுதியைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு பலகைக்குச் செலவாகும்.

1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் என்ற ஓட்டல் திறந்தபோது, பெரிய ஓட்டல்கள் டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் இது பொட்டிக் என்று அதன் உரிமையாளர்களில் ஒருவரான ஸ்டீவ் ரூபெல் சொன்னதாகச் சொல்கிறார்கள். பாண்டிச்சேரி வரை பரவிய 'பொட்டிக் ஓட்டல்' அங்கே தொடங்கியது. அந்த ரூபெல் அதற்கு முன் நடத்தி வந்தது ஸ்டுடியோ 54 என்ற டிஸ்கோத்தேக். மனிதருக்குத் தெரியாமலே ஒரு கிரேக்கப் பேழையிலிருந்து இறங்கி இன்னொரு பேழையில் ஏறியிருக்கிறார்.

இப்போது பெரியப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்ட கதை.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் ஆர்தர் பர்னெல். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அவரும் ஹென்றி யூலும் சேர்ந்து, இந்தியாவில் ஆங்கிலேயர்கள் பேசிய கலப்புச் சொற்களுக்கு 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பேரகராதியைத் தொகுத்தார்கள். பர்னெல் 1882இல் இறந்துவிட, நூல் 1886இல் வந்தது. அதில் பொட்டிக் இருக்கிறது. இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்வாசிகள் வைத்திருக்கும் சின்னக் கடை என்று பொருள் போட்டு, போர்த்துகீசியரின் 'புத்திகா'விலிருந்து வந்தது என்று குறித்திருக்கிறார்கள். அதாவது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தஞ்சாவூர் மாவட்டத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் குதிரையில் மன்னார்குடிப் பக்கம் வந்து, வெற்றிலையும் சுருட்டும் விற்ற பெட்டிக் கடையைக் கண்டிருந்தால், பொட்டிக் என்றே சொல்லியிருப்பார்.

பெட்டிக்கும் பொட்டிக்குக்கும் பிறப்பில் உறவில்லை என்று நான் அடித்துச் சொன்னது சரி; பெட்டி பெட்டிதான், அதன் ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பொருளில் பெரியப்பா சொன்னது அச்சு அசலாகச் சரி. சொல் எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. அது இந்த மண்ணில் என்ன வேலை பார்த்தது என்பது, ஒன்றும் தெரியாமலே, அவர் வாயில் வந்துவிட்டது.

சென்னை மாகாணத்தில் அந்தப் பொருள் அழிந்துவிட்டது. இலங்கை ஆங்கிலத்தில் தெருவோரச் சின்னக் கடையைப் பொட்டிக் என்று எழுதும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதே தீவில், டாக்டருக்கு ஒரு படி கீழே பயிற்சி பெற்றுச் சிறிய அரசு மருத்துவமனைகளைக் கவனித்தவர்களுக்கு அப்போதிக்கரி என்று பெயர். கொழும்புக் கோட்டையில் 'கொழும்பு அப்போதிக்கரீஸ் கம்பெனி' என்று ஒன்று இருந்தது. பெயரில் மருந்து, கடையிலோ பல சரக்கு விற்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், புத்தகமும் பதிப்பித்தார்கள். தாலினில் நடந்ததே திரும்ப நடந்திருக்கிறது. ஆக, சின்னக் கடையும் வைத்தியரும் பேரங்காடியும் கொழும்பில் ஒரே கிரேக்கக் கிடங்கின் பெயரால் பக்கத்துப் பக்கத்தில் பிழைத்தார்கள்.

ஆச்சரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. இலங்கைத் தமிழ் போர்த்துகீசியரிடமிருந்து கைநிறையச் சொற்களை வாங்கிக்கொண்டது: கதிரை, குசினி, சப்பாத்து, பாண், வாங்கு, துவாய். புத்திகாவை மட்டும் வாங்கவில்லை. தேவைப்படவில்லை, கடை இருந்தது. சங்கப் பாடல்களில் கடை என்றால் வாயில். பரிசில் வேண்டிப் பாணனும் புலவனும் போய் நிற்பது நெடுங்கடையில். வாயில் எப்போதோ வியாபாரம் நடக்கும் இடமானது. கிரேக்கனுக்கு உள்ளே பூட்டி வைத்த அறை கடையானது. நமக்குத் தெருவைப் பார்த்த வாசல் கடையானது. பொருளை விற்க இரண்டும் வேண்டும்தானே. நம் சொல்லும் வீட்டோடு கிடக்கவில்லை. சிங்களத்தில் கடே, மலாயில் கெடாய். இந்தோனேசியாவில் காப்பி குடிக்க 'கெடாய் கோப்பி'க்குப் போவார்கள். தலைவலி மாத்திரை வாங்க 'அப்போத்தெக்'குக்குப் போவார்கள். முன்னது தமிழன் கொண்டுபோனது, பின்னது டச்சுக்காரன் கொண்டுவந்தது. ஜகார்த்தாவில் எங்கேனும் ஒரு தெருவில் இரண்டும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்காமலா இருக்கும்?

இதையெல்லாம் போன பொங்கலுக்குப் போனபோது பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "கிடங்கு என்றா சொன்னாய்?" என்று ஒரு முறைதான் குறுக்கிட்டார்.

அந்த மூன்று நாள் சண்டை பலகைக்காக நடக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா காலி செய்த அறையில் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அங்கே இருந்தது பத்தாயம். தாத்தா காலத்து மரப் பத்தாயம். குறுவை நெல்லும் சம்பா நெல்லும் தனித்தனி அறையாகக் கொட்டுவார்கள். சின்ன வயதில் நாங்கள் உள்ளே இறங்கி ஒளிந்துகொண்டு, மேலெல்லாம் சுணை அரித்து அடி வாங்கியிருக்கிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு காலியாகக் கிடந்தது. அக்கா ஆசாரியைக் கூட்டிவந்து அதைப் பிரித்து, அந்தப் பலகைகளிலேயே துணி வெட்டும் மேசை செய்துகொண்டாள். நீளமான மேசை. மேலே சாக்கட்டிக் கோடுகள். விளிம்பில் பழைய இரும்புப் பட்டையின் ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. கையில் ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் இறங்கினாள். கண்ணாடிக் கதவுக்கு மேலே 'பொட்டிக்' என்று தங்க நிற எழுத்து வெயிலில் மின்னியது. பெரியப்பா வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னார்:

"தம்பி, பத்தாயத்துக்கு ஆள் வந்திருக்கிறது. அக்காவைக் கூப்பிடு."